எந்த வரி என்று சொன்ன மிஷின்

போன வாரம் ரேஷன் கடை மிஷின் என் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் வந்தது. பாத்திரம் தேய்த்தே ரேகை போய்விட்டதோ என்னவோ. சூடேறிய அந்த மிஷின் வாசனையில் எனக்குப் பெரம்பலூர் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பாடாலூரிலிருந்து பஸ்ஸில் போய் அந்த வீட்டில் சமைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அரியலூர்ப் பெண் மலரும் லெப்பைக்குடிக்காட்டு ரஃபியும் அங்கே கம்ப்யூட்டருக்கு ஒரு புது மொழி செய்துகொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதட்டும் என்று. எழுதியதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அது மலர் வேலை. தேதி பார்ப்பது, வரிசைப்படுத்துவது என்று எல்லாருக்கும் தேவைப்படுவதை முன்கூட்டியே செய்து வைப்பது லைப்ரரி. அது ரஃபி வேலை. “நீங்க சாம்பார்ப்பொடி அரைச்சு வெக்கிற மாதிரிதான் பெரியம்மா” என்பார். அந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வேலை தானாகத் தெரியுமாம். என் மிக்சிக்கு அரைக்க நானா சொல்லிக்கொடுத்தேன், அது மாதிரி.

நான் ஐந்தாவது வரைதான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அது தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தில், தூங்குகிற கன்றுக்குட்டியைச் சுற்றிப்போவது போலக் கம்ப்யூட்டரைச் சுற்றித்தான் பெருக்குவேன். ஒருநாள் மேசையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் திரையில் சிவப்பாக, ‘பிழை. செல்லாது. நிறுத்தப்பட்டது.’

துணியைக் கொடியில் போட்டேன். சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் இருவரும் வண்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“மூணு நாளா ஓட்டல் இட்லி பெரியம்மா. இவனுக்கு வயிறு சரியில்ல” என்றாள் மலர்.

“நான் தொடைக்கறப்பதான் கெட்டுப்போச்சு பாப்பா. சிவப்பா வந்துச்சு.”

“அய்யோ, அது உங்கள சொல்லல. என்னயச் சொல்லுச்சு.”

“தெனம் நூறு தடவ சொல்லும். அவ பண்ற லட்சணம் அப்படி” என்றார் ரஃபி.

“யாரச் சொல்லுது, எந்த எடத்துலன்னு சொல்லணும்ல பாப்பா? மொட்டையா தப்புன்னா பாக்குறவங்க தன்னயத்தான்னு நெனச்சுக்குவாங்க.”

அவர்களிடம் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். மலர் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து என்னைத் திரை முன்னால் உட்காரவைத்தாள். சிவப்பு வரி ஒவ்வொன்றையும் நான் எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். என் முகம் சுருங்கினால் அவள் அழித்துவிட்டு மாற்றி எழுதுவாள். அடுப்பில் குழம்பு அடிபிடித்த நாளும் உண்டு. கடைசியில் இப்படி வந்தது: ‘பன்னிரண்டாவது வரியைப் பாருங்கள். இங்கே எண் வர வேண்டும், பெயர் வந்திருக்கிறது. மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.’ வாசித்து முடித்தபோது எனக்குப் பயமே இல்லை.

இரண்டு பள்ளிக்கூடங்களில் கொஞ்ச நாள் அந்த மொழி ஓடியது. பிறகு கேட்பாரில்லை. மலர் வெளிநாட்டில் இருக்கிறாள். ரஃபி துபாய் போனார். அந்த வீட்டை இடித்து செல்போன் கடை கட்டிவிட்டார்கள்.

“பாட்டி, தள்ளி நில்லுங்க, அடுத்த ஆளு வரட்டும்” என்றார் ரேஷன் கடைக்காரர்.

“எந்த வெரல வெக்கணும்னு அது சொல்லுதாங்க?”

“அதெல்லாம் சொல்லாது பாட்டி.”

சொல்கிற மிஷின் ஒன்று பெரம்பலூரில் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேறு விரலை வைத்துப் பார்த்தேன்.