இடது பக்கம் வளைந்த கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரும் உண்மை சொல்வதில்லை, கண்ணாடி சொல்லிவிடும். கண்ணாடி போட்டிருக்கும் வாசகர்களே, நீங்களும் என்னைப் போன்ற ஒருவனிடம் பொய் சொல்லியிருப்பீர்கள். அறுபதுகளில், மாட்டுங்காவில் ஒரு கடையில் பழுது பார்க்கும் மேஜை என்னுடையது.

உட்கார்ந்தது

கண்ணாடியில் கீறல் இருந்தால் கீழே விழுந்தது. கீறல் இல்லாமல் பிரேம் அப்பளமாகியிருந்தால் மேலே யாரோ உட்கார்ந்தது. ஓர் ஆபீஸ்காரர் அப்பளத்தை நீட்டி, கைதவறி விழுந்துவிட்டது என்றார். கீறலே இல்லையே என்றேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் அது மேல உக்காரலை சார். நாற்காலியிலதான் உக்காந்தேன். அது அங்க இருந்தது."

மூன்றாவது முறை

சுடலைமுத்து தாராவியிலிருந்து வருவார். எழுபது வயது. மாலையில் டீக்கடையில் உட்கார்ந்து, தோல் பதனிடும் ஆட்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். முதல் இரண்டு முறை, கண்ணாடியோடு தூங்காதீர்கள் என்று கேலி செய்து அனுப்பினேன். மூன்றாவது முறைதான் கவனித்தேன். மூன்று தடவையும் இடது காதுக் கம்பிதான் கீலோடு வளைந்திருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. எதிரில் நிற்பவனின் வலது கை படும் இடம் அது.

வாசலில் தடுக்கி விழுந்தேன் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மகன் மட்டும்தான் என்றார். அவர் கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "கண்ணாடிக்கு மட்டும் வைத்தியம் பாருங்க தம்பி. மூஞ்சி எங்க வீட்டுச் சமாச்சாரம்."

ஃபிட்டர்

புதுக் கம்பி போட்டுக் கொடுத்தேன். இதன் ஸ்க்ரூவை ஞாயிறுதோறும் இறுக்க வேண்டும், மகன்தான் கூட்டி வர வேண்டும் என்று கூசாமல் பொய் சொன்னேன். அதைச் சொன்னதற்கே வீட்டில் அடி விழுமோ என்று அந்த வாரம் முழுக்கப் பயம்.

ஞாயிறன்று இருவரும் வந்தார்கள். நான் முதலில் பார்த்தது அவருடைய இடது கன்னத்தை; புதிதாகத் தடம் எதுவும் இல்லை. மகன் விக்ரோலியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். பெரியவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கழற்றி வைத்திருந்த பழைய கம்பியை மகன் கையில் கொடுத்தேன்.

"இரும்பு தெரிஞ்சவர் நீங்க. இது விழுந்த வளைவா, சொல்லுங்க."

கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரும்பைப் பற்றி அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"இது என் டிராயர்லயே இருக்கும். இன்னொண்ணு சேர்ந்தா, ரெண்டையும் உங்க ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வருவேன்."

கம்பியை மேஜையில் வைத்தான். பிறகு சொன்னான்: "ஸ்க்ரூவ டைட் பண்ணுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வாரேன்."

ஐம்பது ஞாயிறுகள்

ஒரு வருஷம் வந்தார்கள். நான் திருப்புளியைச் சும்மா வைத்து எடுப்பேன். கண் கன்னத்தில் இருக்கும். டிராயரில் இரண்டாவது கம்பி சேரவில்லை. பேப்பர் வாசிப்பும் நிற்கவில்லை.

ஒருநாள் மகன் வெளியே பீடி பற்ற வைக்கப் போயிருந்தான். இனி வர வேண்டாம், ஸ்க்ரூ சரியாகத்தான் இருக்கிறது என்று பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அவன் ஃபிட்டர்லா தம்பி, மொத நாளே அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஞாயித்துக்கிழம விடிஞ்சா, ‘கெளம்புங்கய்யா’ன்னு அவன்தான் நிக்கான்."

ஊரார் கண்ணைத் திருத்தியே பிழைத்த நான், அவர் கன்னத்தைப் பார்க்க மூன்றாவது முறைதான் என் கண்ணைத் திறந்தேன்.