ஆயத்தக் கூட்டத்தில் நான் சொன்னது

ஹந்தானையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயத்தின் பின்பக்கம் விழுந்த இடத்தில் இன்று வரை நிற்கிற கருங்கல் தாங்குசுவர் நான் கட்டியது. கெலிஓயாவில் மெயின் ரோட்டை ஒட்டி வரிசையாக இருக்கிற ஐந்து கடை அறைகள் நான் கட்டியவை. புசல்லாவையில் ஒரு முதலாளிக்கு இரண்டு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். அந்தச் சரிவில் வீடு நிற்காது என்று படித்த இஞ்சினியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போன இடம் அது. வீடு நிற்கிறது. எனக்கென்று ஒரு வீடு, தண்ணீர் டாங்கியோடு. இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்து டீச்சர்மார் ஆக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டில் இருக்கிற எங்கள் சபையின் சின்ன ஆலயம்.

மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா முகம் ஞாபகம் இல்லை. அடையாள அட்டை கைக்கு வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அது வரைக்கும் கண்டி டவுனில் யாராவது மறித்துக் கேட்டால் எடுத்துக் காட்ட என்னிடம் இரண்டு உள்ளங்கைகள்தான் இருந்தன. கல் சுமந்தேன், சாந்து குழைத்தேன், மற்றவன் கட்டுவதைப் பார்த்துப் பார்த்தே வேலை பழகினேன். இன்றைக்குக் கெலிஓயாப் பக்கம் வந்து மேசன் பாஸ் வீடு எது என்று கேளுங்கள். சிங்களவரானாலும் முஸ்லிமானாலும் தமிழரானாலும் என் வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. செய்ததைச் சொல்கிறேன்.

ஆலயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் சபை சின்னது. முப்பது குடும்பம் இருக்கும், பாதிப் பேருக்குத் தோட்டத்தில் வேலை, பாதிப் பேருக்கு டவுனில். ஒரு தகரக் கொட்டகையில்தான் கூடி வந்தோம். மழை பெய்தால் போதகர் பேசுவது கேட்காது. பிறகு ஒருவர் மேட்டில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும், அப்போது படி கூட இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்களும் பெண்களும் உரச் சாக்கில் மணலைக் கட்டி மேலே ஏற்றினார்கள். சுமந்தது அவர்கள், அதை நான் மறுக்கவில்லை. கட்டியது நான். பௌர்ணமிப் போயா விடுமுறைகளிலும் சனிக்கிழமைகளிலும், மூன்று வருடம்.

எப்படிக் கட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து அந்த மண்ணில் நான் செருப்போடு இறங்கியதில்லை. கூரை இல்லாத காலத்திலேயே எனக்கு அது ஆலயம்தான். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்பேன். கை கால் கழுவி, இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்ற பிறகுதான் கரண்டியைத் தொடுவேன். உதவிக்கு வந்தவர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன். "வெத்தல துப்பணும்னா ரோட்டுக்கு எறங்கிப் போ. கெட்ட வார்த்த பேசணும்னா புசல்லாவ பஸ்ல ஏறி ஒக்காந்து ஆசை தீரப் பேசிட்டு வா." சிரிப்பார்கள், ஆனால் கேட்பார்கள். சாராயத்தை அந்த மூன்று வருடமும் தொடவில்லை. என் மனைவி சொன்னாள், "இன்னும் நாலு கோயில் கட்டிக் குடுங்க கர்த்தருக்கு. நானும் மீதிக் காலத்த நிம்மதியா ஓட்டிருவேன்."

தரைக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு, காய்ந்த பிறகு தேங்காய் மட்டையால் தேய்த்தேன். முழங்காலில் இருந்தே தேய்த்தேன். அந்தத் தரையில் முழந்தாள்படியிடப் போகிற சனத்துக்கு ஒரு மணல் கூடக் குத்தக்கூடாது என்பது என் எண்ணம். ஆராதனை என்றால் பாட்டும் பிரசங்கமும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அந்தத் தரையைத் தேய்த்ததும் ஆராதனைதான்.

இனி எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து, கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்டுப் பகிர்கிற ஆராதனை. அதற்கு முந்தின நாள் பின்னேரம் ஆயத்தக் கூட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. இரண்டு பேரும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் மேல் என்ன மனக்கசப்பு, மனசுக்குள் என்ன அழுக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லி, ஜெபித்துவிட்டு எழுந்து போவோம். லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள் சண்டையோடு படுத்து எழும்பிய காலத்தில் பெரியவர்கள் ஏற்படுத்திய முறை இது. இரண்டு சட்டம். அங்கே சொன்னது வெளியே போகாது. கசப்பை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது.

முப்பது வருடமாக என் துணை எங்கள் சபைச் செயலாளர். என்னை விட ஆறு வயது இளையவர். கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். முத்து முத்தான எழுத்து. எனக்கு வருகிற சிங்களக் கடிதம், ஆங்கிலக் கடிதம் எல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்வார். அவர் வீட்டுக்கு நான் குசினி கட்டிக் கொடுத்திருக்கிறேன். அண்ணே, தம்பி என்றுதான் பழக்கம்.

போன வருடம் ஓர் ஆயத்தக் கூட்டத்தில் நான் அவரிடம் மனசைத் திறந்து ஒன்று சொன்னேன்.

"தம்பி, ஒரு விஷயம் பல வருஷமா அரிச்சிக்கிட்டு கெடக்கு. ஜெபத்துல எல்லாரும் சிலுவையப் பார்க்கிறாங்க. நான் அதுக்குப் பின்னால இருக்கிற சுவத்தப் பார்க்கிறேன். என்னா நேர், என்னா பூச்சு, ஒரு வெடிப்பு இல்லையே, நான் கட்டினதாச்சேன்னு மனசு போகுது. கும்பிடும்போது நான் என்னையேதான் கும்பிடுறேன் போல இருக்கு. இந்தப் பெருமை போகணும்னு எனக்காக ஜெபம் பண்ணு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட ஜெபம் செய்தார். நல்ல ஜெபம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று படி இறங்கும்போது மனசு கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. மறுநாள் திருவிருந்தில் நான் சுவரைப் பார்க்கவே இல்லை. இதை நான் பொய்யாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அதற்குச் சில மாதம் கழித்து ஆலயத்துக்கு வெள்ளி விழா வந்தது. மலர் அச்சடித்தார்கள், கலர் அட்டை போட்டு. சபை வரலாற்றை எழுதியவர் செயலாளர். ஆராதனை முடிந்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்கு வாசிக்க நேரம் எடுக்கும், விரல் வைத்துத்தான் வாசிப்பேன். அதனால் வீட்டுக்குக் கொண்டு போய் மனைவியிடம் கொடுத்து, "சத்தமா வாசி" என்றேன்.

அவள் வாசித்தாள். நிலம் கொடுத்தவர் பேர் இருந்தது. முதல் ஆராதனை நடத்திய போதகர் பேர் இருந்தது. கதிரை கொடுத்தவர், ஓர்கன் கொடுத்தவர், திரைச்சீலை தைத்துக் கொடுத்த பெண் வரைக்கும் இருந்தது. செயலாளர் பேர் மூன்று இடத்தில். கட்டிடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. கர்த்தருடைய கிருபையாலும் சபையாரின் உழைப்பாலும் ஆலயம் எழும்பிற்று.

"திருப்பி வாசி" என்றேன்.

"எத்தன தரம் வாசிச்சாலும் அதேதாங்க இருக்கு."

"படம்?"

பக்கத்தைப் புரட்டினாள். கூரை போட்ட நாளின் படம் ஒன்று இருந்தது. மூங்கில் சாரம் தெரிகிறது, கூரைக்கு ஏறுகிற மரம் தெரிகிறது, படத்தின் மேல் விளிம்பில் இரண்டு கால்கள். அதற்கு மேலே வெட்டிவிட்டார்கள்.

அவள் கண்ணாடியைத் தூக்கி உற்றுப் பார்த்தாள். "இது ஒங்க காலுதாங்க. முழங்காத் தழும்பு தெரியுது."

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் மலரை மூடி அலுமாரிக்குள் வைத்தாள். நான் அன்று சாப்பிடவில்லை.

மறந்திருப்பார், வயசாகிறது இல்லையா, என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஆலய விறாந்தையில் அவரைத் தனியாக நிறுத்தினேன்.

"தம்பி, மலர்ல கட்டினவன் பேரு விட்டுப் போச்சு."

"விட்டுப் போகல்லண்ணே" என்றார், சாந்தமாக. "வேணும்னுதான் போடல்ல. நீங்கதானே கேட்டீங்க."

"நான் என்னத்தடா கேட்டேன்?"

"பெருமை போகணும், ஜெபம் பண்ணுன்னு கேட்டீங்களே. நான் பாரத்தோட ஜெபம் பண்ணினேன். மலர் எழுதும்போது ஒங்க பேர எழுதிட்டேன்ணே, உண்மையா. அப்புறம் நெனச்சேன், இந்தப் பேர அச்சுல போட்டு நானே ஒங்கள விழ வைக்கலாமான்னு. அதான் எடுத்திட்டேன். ஒங்க ஆத்துமாவுக்காகத்தான்."

நான் கேட்டேன், "கமிட்டிக்காரங்க ஒருத்தரும் கேக்கல்லையா, பாஸ் பேரு எங்கேன்னு?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"என்னன்னு?"

"வெவரமா இல்லண்ணே. ஒரு ஜெபக் குறிப்பாத்தான் சொன்னேன். அண்ணன் பெருமையோட போராடிக்கிட்டிருக்காரு, எல்லாரும் ஜெபத்துல வச்சிக்கோங்கன்னு."

கமிட்டியில் ஏழு பேர். அவர்களுக்கு வீட்டில் மனைவிமார் உண்டு. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது, கொஞ்சக் காலமாக ஆராதனைக்கு உள்ளே வரும்போது சிலர் ஏன் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள் என்று.

"தம்பி, ஒம் பேரு மூணு எடத்துல இருக்கே, அதுக்கு யாரு ஜெபம் பண்ணினது?" என்று கேட்டேன். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார்.

இதைக் கேள்விப்பட்டுப் போதகர் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள்களை விட இளையவர், நல்ல மரியாதை. மனைவி தேத்தண்ணி கொடுத்தாள்.

"ஐயா, நீங்கள் கடவுளுக்கெண்டுதானே கட்டினீங்கள்?" என்று மெல்லத் தொடங்கினார்.

"ஆமாங்க."

"அப்ப அவருக்குத் தெரியும்தானே. அது போதாதா?"

"மலர் கடவுள் வாசிக்கிறதுக்கா சாமி அச்சடிச்சீங்க? அவருக்கு ஓர்கன் குடுத்தவரையும் தெரியுமே."

போதகர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஓம் ஐயா, அது சரிதான். ஆனா நீங்கள் இப்பிடிக் கசப்போட இருக்கேலாது. செயலாளரோட நான் கதைக்கிறன்" என்றார். கதைத்தார் போலிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. அச்சடித்தது அச்சடித்ததுதான் என்று கமிட்டி சொல்லிவிட்டதாம்.

இருதயம் சுத்தமானவன்தான் கடவுளைக் காண்பான் என்று பிரசங்கத்தில் கேட்டே வளர்ந்தவன் நான். சுத்தம் என்றால் என்ன என்று இந்த வயதில்தான் யோசிக்கிறேன். உள்ளே இருக்கிற அழுக்கை நம்பிக்கையான ஒருவரிடம் கழற்றிக் காட்டினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொது இடத்தில் காயப் போட்டார், என் நன்மைக்கென்று. பேர் விட்டதை விட அதுதான் எனக்கு வலிக்கிறது. சுவர் வெடித்தால் பூசலாம். மனசைத் திறந்து காட்டுகிற இடம் உடைந்தால் மனுசன் எங்கே போய் ஜெபிப்பான்? இப்போது ஆயத்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் இருமல், சம்பளம், பிள்ளைகளின் பரீட்சை என்று பேசிவிட்டு எழும்புகிறார்கள். என் கதை எல்லோருக்கும் தெரியும் அல்லவா.

முப்பது வருடத்தில் அவரும் என்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார். அவை என்னிடம் இருக்கின்றன. கோபம் ஏறின நாட்களில் நாக்கின் நுனி வரை வந்தது உண்டு. இங்கேயும் எழுத மாட்டேன், எங்கேயும் சொல்ல மாட்டேன். என் பெருமையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கசப்பு போகவில்லை. கசப்போடு அப்பத்தை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் நாலு மாதமாக நான் எடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பேன். நாற்பத்தாறு வருடம் என் பக்கத்தில் முழந்தாளிட்டவள் தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வருகிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள், "நீங்க பின்னால ஒக்காந்திருக்கீங்கன்னு நெனச்சாலே அந்த அப்பம் எனக்குத் தொண்டையில நிக்குது."

அவளுக்காகப் போன திருவிருந்தில் எழுந்தேன். மன்னித்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடுவழி வரைக்கும் நடந்தேன். முன்னால் செயலாளர் போதகருக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், நல்லது, ஜெபம் கேட்கப்பட்டது என்பது போல. பரிசுத்தமான தட்டு அது, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மன்னிக்கவில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. கடவுளுக்கு முன்னால் நடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை பேர் பார்க்கத் திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தேன்.

பொய்யாக முழந்தாளிடுவதை விட வெளியே நிற்பது மேல் என்று இருக்கிறேன். அப்படியே செத்துப்போனால் அப்பம் இல்லாமல் செத்ததாகும். அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது. மகள் கேட்டாள், "அப்பா, மன்னிக்கிறதுக்கு அவங்க என்னமாச்சும் செய்யணுமா?" மன்னிப்பு இனாம் என்று எனக்குத் தெரியும் மகளே. ஆனால் அவர் தப்புச் செய்ததாகவே நினைக்கவில்லை. எனக்கு உதவி செய்ததாக நினைக்கிறார். உதவியை எப்படி மன்னிப்பது?

ஆகவே, எல்லோரும் அறிய, நான் சொல்லச் சொல்ல மகள் எழுத, இந்த எழுத்தில் கமிட்டியைக் கேட்கிறேன். வாயால் கேட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த முதல் ஞாயிறு, அப்பம் பிட்கும் முன், செயலாளர் எழுந்து நின்று ஆயத்தக் கூட்டத்தில் கேட்டதை வெளியே கொண்டு போனது பிழை என்று சொல்ல வேண்டும். மிச்சமிருக்கிற மலர்களில், கட்டிடத்தைப் பற்றிய அந்த ஒரு வரிக்குக் கீழே, அத்திவாரம், சுவர், கூரை, தரை யார் கைவேலை என்று ஒரு தாள் அடித்து ஒட்ட வேண்டும். மணல் சுமந்தவர்கள் பேரையும் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கட்டினவன் பேர் முழுசாக இருக்க வேண்டும். நான் பெருமைக்காரன் என்ற உண்மையைக் கமிட்டிக்குச் சொல்லியாயிற்று. நான்தான் கட்டினேன் என்ற உண்மையைச் சபைக்குச் சொல்லுங்கள்.