உப்புக்காற்றின் மேல் விழுந்த பழி

கடை மேசையில் கிடந்த மூன்று கறுப்புப் பெட்டிகளில் இரண்டின் முனைகளை அழிறப்பரால் தேய்த்துவிட்டு மூன்றாவதை எடுத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது: உப்புக்காற்று எப்படி மூன்றையும் ஒரே சமயத்தில் தின்றிருக்கும்?

திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்களுக்கு உப்புக்காற்று ஒரு வசதியான குற்றவாளி. மின்விசிறி நின்றால் உப்பு. சைக்கிள் சங்கிலி அறுந்தால் உப்பு. போன் சார்ஜ் ஏறாவிட்டால் யாரும் உடனே கடைக்குப் போவதில்லை. வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையைத் துழாவி அழிறப்பர் எடுத்து முனையைத் தேய்ப்பார்கள். பாதி நேரம் சரியாகியும் விடும். அந்தப் பழக்கத்தில்தான் நானும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடை என் கூட்டாளியுடையது. தினமும் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வந்து, சந்தைக்குப் பக்கத்தில் போன் உறைகளும் வயர்களும் விற்கிறான். அந்தக் கறுப்புப் பெட்டிகளுக்கு டொக் என்று பெயர். கையில் வைத்து விளையாடும் கேம் கருவியை அதில் செருகினால் சார்ஜும் ஏறும், படமும் ரீவியில் வரும். கருவியைச் செய்த கொம்பனியே ஒரு டொக் விற்கிறது. பெரியது, விலையும் பெரியது. இவன் கொழும்பிலிருந்து எடுப்பித்தது வேறு யாரோ செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். முதலில் வாங்கியது நான். என்னைக் கேட்டுத்தான் மற்றவர்களும் வாங்கினார்கள்.

இப்போது சார்ஜ் மட்டும் ஏறுகிறது, படம் வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியாகக் கொண்டுவந்தவர் ஒரு கணித ஆசிரியர். நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் உங்கள நம்பித்தானே எடுத்தனான்? கள்ளச் சாமான் எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே."

"கள்ளச் சாமான் இல்ல சேர். இது உப்புக்காத்து..."

"என்ர வீட்டில ஏசி அறைக்குள்ள பூட்டி வச்சிருந்தது. எந்தச் சன்னலால வந்தது உங்கட உப்பு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டாளி சிரிக்கவில்லை. ஆசிரியர் போனதும், தகப்பன் சொன்னதை மெல்லச் சொன்னான்:

"வாப்பாட காதுக்கும் போயிட்டு மச்சான். பேரக் கெடுத்துப்போட்டு யாவாரம் செய்ய ஏலாதாம். இந்த மாசத்தோட கடையப் பூட்டிட்டு வயலுக்கு வரட்டாம்."

"வயல்ல உனக்கு என்ன தெரியும்?"

"நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. என்ன விட அந்த வயலுக்குத்தான் ஆபத்து."

ஆசிரியரின் டொக்கைத் தேய்க்காமலே அழிறப்பரைக் கீழே வைத்தேன். என் வீட்டிலும் படம் நின்றிருந்தது. கடலைப் பார்த்த வீடு என்பதால் நானும் உப்பைத்தான் திட்டியிருந்தேன். நின்றது எப்போது? கருவி தானாக ஒரு அப்டேட் போட்டுக்கொண்ட மாலை. டொக்கைத் திருப்பித் தந்த மற்ற இருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன். அவர்களுக்கும் அதே மாலைதான். சிறு திருத்தங்கள் செய்திருக்கிறோம் என்பதைத் தவிர அந்த அப்டேட் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

செருகியதும் கருவியும் டொக்கும் முதலில் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும். எவ்வளவு மின்சாரம் தருவாய், படத்தைக் கொண்டுபோவாயா என்று. அந்தக் கதைக்குள் கொம்பனி புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால்? நீ எங்கட ஆளா என்ற கேள்வி. சீனன்குடா விமானப்படை முகாம் பக்கம் உள்ளே போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். காரணம் சொல்லாமல் மூடும் கதவை எனக்கு நம்ப வராது.

பாதுகாப்புக்காக என்று அவர்கள் சொல்லலாம். மலிவான சார்ஜர் ஒன்று உருகி வழிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பாதுகாப்பு என்றால் முதலில் மின்சாரத்தையல்லவா மறிக்க வேண்டும்? மின்சாரம் தாராளமாகப் போகிறது. நின்றது படம் மட்டும். தெரிந்த ஒருவரிடம் இருந்த கொம்பனி டொக்கில் என் கருவியை வைத்தேன். படம் உடனே வந்தது. சந்தேகம் இன்னும் தடித்தது.

அப்டேட் படாத கருவி ஒன்று வேண்டும். சாம்பல்தீவில் சின்னம்மாவின் மகளிடம் இருந்தது. அவர்கள் வீட்டில் சிக்னல் என்பது மாமரத்தடியில் மட்டும் கிடைக்கும் பொருள். ஆசிரியரின் டொக்கோடு பஸ் ஏறினேன். ஏறுமுன் என் போனின் இணையத்தை அணைத்தேன். அவள் கருவி முன்பொருமுறை என் போனோடு இணைந்திருக்கிறது. நான் வாசலில் கால் வைத்ததும் கள்ளமாக அப்டேட்டை இழுத்துவிடுமோ என்று என் போன் மேலேயே சந்தேகம்.

செருகினேன். ரீவியில் படம் பளிச்சென்று வந்தது. அந்த வீட்டு வேலிக்கு அப்பால் கடல்.

உடனே மாமரத்தடிக்குப் போய், கடைக்குப் போன் போட்டேன். கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப என்ட சாமான் நல்ல சாமான்?"

"ஓம்."

"இத சேர் நம்புவாரா? வீடியோ எடுத்துக் காட்டினா, வெட்டி ஒட்டினது எண்டுவார்."

அது உண்மை. அவர் கண் முன்னால்தான் காட்ட வேண்டும்: முதலில் படம், பிறகு அப்டேட், பிறகு படம் இல்லை. ஒரு தடவைதான் செய்யலாம். போட்ட அப்டேட்டைத் திரும்பக் கழற்ற வழியில்லை. எங்களுக்குக் கிடைத்திருப்பதோ இந்த ஒரு கருவி. தங்கச்சியிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப பிறகு எனக்கு ரீவியில வராதோ?"

"இந்த டொக்கால வராது. கையில வச்சுத்தான் விளையாடலாம்."

"ஆருக்குக் காட்டப் போறீங்கள்?"

சொன்னேன். அவள் கண் விரிந்தது. அவளுக்கும் கணக்குப் படிப்பிப்பது அவர்தான்.

"சேர் தன்ர வாயால பிழை எண்டு சொல்லுறத நான் பாக்கோணும். சரி அண்ணா. ஆனா பட்டன நான்தான் அமத்துவன்."

நாளை சனிக்கிழமை. ரீவியைக் கடை வாசலில் வைக்கிறோம். ஆசிரியர் வருகிறார், வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அப்டேட் போட்ட பிறகும் படம் வந்துகொண்டே இருந்தால் கூட்டாளியின் பேரோடு என் பேரும் சேர்ந்து போகும். அந்தச் சந்தேகமும் இருக்கிறது. நாங்கள் சொல்லும்வரை கடை வைஃபையைப் போடாதே என்று அவனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

சற்று முன் ஆசிரியரின் டொக்கை வெளியே எடுத்து வைத்தான். கை தானாக அழிறப்பரைத் தேடியது.

"ஒருக்காத் தேய்ச்சு வைக்கட்டா மச்சான்?"

"தொடாத. தேய்ச்சுத்தான் வந்தது எண்டு சொல்லுவார்."

நாளை அது இருக்கிறபடியே, உப்போடுதான் செருகப் போகிறோம்.