வாரத்துக்கு ஒரு ஊசி

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல்ஸில் இருபத்திரண்டு வருடமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். காய்ச்சல் மாத்திரைக்குத் தட்டுப்பாடு பார்த்திருக்கிறேன். சர்க்கரை ஊசிக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

ராஜாத்தி அக்கா முந்திரி வியாபாரி. வாரம் ஒருமுறை போடும் பேனா ஊசிக்கு மாறிய பிறகுதான் அவருக்கு சுகர் இறங்கி, கால் புண் ஆறத் தொடங்கியது. மூன்றாவது வாரமாக அன்றும் "ஸ்டாக் இல்லக்கா" என்றேன்.

"புதுக்கோட்டையிலயும் இல்லேங்குறாக தம்பி. எல்லாருக்கும் ஒரே நேரத்துல சுகர் வந்துருச்சா?"

நியாயமான கேள்வி. அவரை உட்காரவைத்துவிட்டு கடைக்கு மருந்து அனுப்பும் ஸ்டாக்கிஸ்டுக்கு போன் போட்டேன்.

"போன மாசம் ஒங்களுக்கு நாலு பேனா அனுப்பினேனே சார்!"

பில்லைப் புரட்டினேன். நாலையும் நானேதான் விற்றிருக்கிறேன். நாலும் புது ஆட்கள்; ஒரே கிளினிக் சீட்டு. அந்த நாலு பேரில் ஒரு பெண் அந்த நேரம் பார்த்து அடுத்த பேனாவுக்கு வந்து நின்றாள்.

"சுகர் எத்தனை வருஷமா இருக்கும்மா?"

"சுகரெல்லாம் இல்ல சார். தையில கல்யாணம். வெயிட் கொறையணும்."

ராஜாத்தி அக்கா சண்டை பிடிப்பார் என்று பயந்தேன். அவரோ ஆச்சரியத்தோடு கேட்டார்: "இதைப் போட்டா எளைச்சிரலாமா ஆத்தா?"

"பசியே எடுக்காதும்மா."

"அதான் எனக்கும் சோறு எறங்காம இருந்துச்சா!"

மூன்று வாரமாக அக்காவுக்கு ஊசி கிடைக்கவில்லை என்று நான் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "தட்டுப்பாடு வரும்னு வேற கடையில வாங்கி வச்ச பிரிக்காத பேனா ஒண்ணு வீட்டு ஃப்ரிட்ஜில இருக்கு சார். எடுத்தாரேன், இவங்களுக்குக் குடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். வாங்கிக் கொடுக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அது எந்தக் குளிரில், எத்தனை பவர்கட்டில் கிடந்ததோ? கடையை விட்டுப் போன ஊசியைத் திரும்ப வாங்கக்கூடாது என்று சொன்னேன்.

அக்காவின் டாக்டரைக் கூப்பிட்டேன். "ஊசி வரலைனு மூணு வாரமாவா சும்மா இருந்தாங்க? ஒடனே அனுப்புங்க" என்றார். அக்கா போய்ப் பார்த்ததில் சுகர் முந்நூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் தினசரி இன்சுலினுக்கு மாற்றினார். புண் பெரிதாகாமல் தப்பியது.

இப்போது அந்த ஊசிக்குச் சீட்டு வந்தால் யாருக்கு, எதற்கு என்று கேட்கிறேன். வரும் ஸ்டாக்கில் சுகர்காரர்களுக்கு முதலில் எடுத்துவைக்கிறேன். ஆனால் நான் கற்றுக்கொண்டது அதைவிட எளியது. 'ஸ்டாக் இல்லை' என்று சொன்னதும் என் வேலை முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். 'அதுவரைக்கும் என்ன செய்வீங்க?' என்று முதல் வாரமே நான் கேட்டிருக்க வேண்டும்.