கருப்பையாவின் முப்பத்திரண்டு தட்டுகள்

இந்த மாதிரி சமாச்சாரங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். ஒன்பது ஊர்களில் சுடுகாட்டை அளந்திருக்கிறேன், ஒரு தடவைகூட எதுவும் என் பின்னால் வந்ததில்லை. எதையும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்த பிறகுதான் எழுதுவேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையில் மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

வேலைக்கு நடுவே நானும் அரிமளத்துக் கருப்பையாவும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடம் வாசித்தோம். நான் கிதார், அவன் பேஸ் கிதார். எந்தக் கச்சேரியையும் நாங்களே கட்டிய ஒரு சின்ன மெட்டில்தான் தொடங்குவோம். மொத்தம் முப்பத்திரண்டு தட்டு. கருப்பையா வலது காலில் ரப்பர் செருப்போடு தாளம் தட்டுவான், ஒவ்வொரு நாலாவது தட்டும் ஒரு மயிரிழை பிந்தும். எத்தனை சண்டை போட்டும் அவன் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

போன தை மாதம் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பார்க்கப் போனபோது குழறிக் குழறி, “நம்ம மெட்டக் கேக்கணும்டா” என்றான். பதிவு செய்து எடுத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திருமயத்தில் என் வீட்டில் நான் பதிவு செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிதாரிலிருந்து ஒரு வயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டி கம்ப்யூட்டருக்குப் போகும். மைக் கிடையாது. வாசலில் ஹைவே பஸ் ஹாரன் அடித்தாலும், சமையலறையில் குக்கர் கூவினாலும் ஏறாது. தந்தியின் சத்தம் மட்டும் வறட்டுத்தனமாகப் பதியும். எதிரொலி, கரகரப்பு எல்லாம் பிறகு மென்பொருளில் மேலே பூசுவதுதான், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், அடியில் உள்ள பதிவு கெடாது. எதையும் திரும்பப் பெறலாம் என்பது என்னைப் போல் கவலைப்படுகிறவனுக்குப் பெரிய நிம்மதி.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. ஏழாவது தடவைதான் பிசகில்லாமல் வாசித்தேன். கேட்டேன், சுத்தமாக இருந்தது. பிறகு கல்யாண மண்டபத்தில் வாசிப்பதுபோல் இருக்கட்டும் என்று ரிவெர்ப் என்கிற எதிரொலியைப் போட்டு ஓடவிட்டேன். கிதாருக்குப் பின்னால், மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து வருவதுபோல், ரப்பர் செருப்பு தட்டுகிற சத்தம். நாலாவது தட்டு பிந்தியது. நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயமே வரவில்லை, கோபம்தான் வந்தது, இன்னுமா திருந்தவில்லை என்று. எண்ணினேன், முப்பத்திரண்டு.

ரிவெர்ப்பை எடுத்தேன், செருப்பும் போயிற்று. மறுபடி போட்டேன், வந்தது. இந்தத் தடவை முப்பத்தொன்று, கடைசித் தட்டு மட்டும் இல்லை. தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன், முப்பது. அதற்கு மறுபடி இருபத்தொன்பது. செய்ததையெல்லாம் பின்வாங்கும் பொத்தானை அழுத்தினேன், வேறு பெயரில் எடுத்து வைத்த நகலைத் திறந்தேன், எதிலும் போனது திரும்பவில்லை. அப்போது சமையலறையிலிருந்து என் மனைவி சாலா, “கருப்பையாண்ணன் வந்திருக்காங்களா, செருப்புச் சத்தம் கேக்குதே” என்றாள். சொல்லி முடித்ததும் அவளே அறை வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள். கட்டிலில் கிடக்கிற மனுஷன் எப்படி வருவார் என்று அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். “அத நிறுத்துங்க. எண்ணலேன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது” என்றாள்.

நான் நிறுத்தவில்லை. சரிபார்க்காமல் விட எனக்குத் தெரியாது. பத்தொன்பது வரை வந்தபோது போன் அடித்தது. கருப்பையாவின் மகள் மீனாள். “மாமா, அப்பாவுக்குப் பதினோரு மணியிலேருந்து ஒரு மாதிரியா வருது. அசந்து அசந்து போறாங்க. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கொறைஞ்சு போறாங்க.” மணி பதினொன்றே கால். பதின்மூன்று தட்டு குறைந்திருந்தது, பதின்மூன்றையும் கேட்டுத் தீர்த்தது நான்தான். கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கினேன். அரை மணி நேரத்தில் மீனாள் திரும்பப் பேசினாள், அப்பா எழுந்து கஞ்சி கேட்டார் என்று.

அதன்பிறகு ஒன்பது நாள் அந்த அறைக்குள் நான் போகவில்லை. ஆனால் கருப்பையா பதிவு எங்கே என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். கொடுத்த வாக்கு. கடைசியில் ஒரு யோசனை வந்தது. ரிவெர்ப் போட்டால்தானே செருப்பு வருகிறது? எதுவும் போடாத வறட்டுப் பதிவை, கேட்டுப் பார்க்காமலே போனில் ஏற்றிக்கொண்டு அரிமளம் பஸ் ஏறினேன்.

கட்டிலருகே உட்கார்ந்து போட்டேன். கிதார் மட்டும்தான் கேட்டது. எனக்கு மூச்சு வந்தது. கருப்பையா முகத்தைச் சுளித்து, “என்னடா, வறட்டு வறட்டுன்னு இருக்கு. எஃபெக்ட் போடலையா?” என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீனாள், “அப்பா காலு, அப்பா காலு” என்று அழ ஆரம்பித்தாள்.

மூன்று மாதமாக அசையாத வலது கால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது. நாலாவது தட்டு பிந்தியது. வீட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள், ஒருத்தர் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றப் போனார், நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். மெட்டு முடிவதற்கு முன்னாலேயே கால் நின்றது. பதினெட்டு.

அறையில் அவ்வளவு சந்தோஷம். “இன்னொரு தடவ போடுடா” என்றான். போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி எழுந்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலும் போனிலும் இருந்த எல்லா நகலையும் அழித்தேன், ஐந்து. இரண்டு தரம் சரிபார்த்தேன். இனிமேல் யாராலும் கேட்க முடியாது, பதினெட்டு பதினெட்டாகவே இருக்கும் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

நேற்று மீனாள் பேசினாள். அப்பா நன்றாக இருக்கிறார், கொஞ்சம் சோர்வுதான் என்றாள். அன்று கால் அசைந்ததைத் தன் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாளாம், மெட்டும் அதில் தெளிவாகக் கேட்கிறதாம். அழித்துவிடம்மா என்றேன். “அப்பா காலு அசைஞ்சத ஏன் மாமா அழிக்கணும்? பாக்க வர்றவங்க எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுறேன்” என்றாள்.

இதுவரை எத்தனை தடவை போட்டாய் என்று கேட்டேன்.

“அதயெல்லாம் யாரு மாமா எண்ணுறா?” என்றாள்.