மூன்றாவது சரணம்

அப்பா திருவண்ணாமலையில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமோ காதுகுத்தோ, முதலில் சாமி பாட்டு. அடுத்து அவருக்குப் பிடித்த அந்தப் பழைய சினிமாப் பாட்டு. ஐம்பதுகளில் வந்த படம். படகில் போகிற ஒருத்தி கரையில் நிற்கிறவனைப் பார்த்துப் பாடுவது. நான் பிளஸ் டூ படித்த எண்பத்தொன்பதில் ஊரே கேசட்டுக்கு மாறியிருந்தது. அப்பா மட்டும் இந்த ஒரு பாட்டுக்காகவே ரெக்கார்டு பிளேயரை விற்காமல் வைத்திருந்தார்.

வீட்டில் சண்டையும் அந்தப் பாட்டினால்தான். அம்மா சமைத்துக்கொண்டே அதை மூன்று சரணம் பாடுவாள். அப்பாவின் இசைத்தட்டில் இரண்டுதான்.

"பிளேட்டுல இல்லாதது பாட்டுல எப்படிடீ வரும்? மூணாவது நீயா கட்டினது."

"கல்யாணத்துக்கு முன்னாடி டூரிங் டாக்கீஸ்ல பாத்தேங்க. படத்துல இருக்குது."

"ஆமாமா, உனக்குன்னு தனியா பாடி அனுப்பிச்சாங்க."

வருகிறவர்களிடமெல்லாம் அம்மாவைக் காட்டி "எங்க வூட்டுக் கவிஞர்" என்று சிரிப்பார். அம்மாவின் முகம் சுண்டிப்போகும். ஆனாலும் மறுநாள் மூன்றாவதையும் பாடுவாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது. அவள் சொல்வது நிஜம் என்று யாராவது ஒருத்தர் சொல்லமாட்டார்களா என்று அலைந்தேன்.

தேரடித் தெருவில், புதுக் குரல்கள் பாடிய கேசட் ஒன்று கிடைத்தது. ஓடி வந்து போட்டால் இரண்டே சரணம். அவர்களும் இசைத்தட்டைக் கேட்டுத்தான் பாடியிருக்கிறார்கள். திருவிழாவில் மெல்லிசைக் குழு அதைப் பாடியபோது மேடையோரம் போய்ப் பாடகியைக் கேட்டேன். "எங்களுக்கு இவ்ளோதாங்க தெரியும்" என்றுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். பிறகு செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து போகிற காபிக்கடையில் அதைப் புல்லாங்குழலில் கேட்டேன். அந்த கேசட்டைக் கெஞ்சி வாங்கி வந்தேன். சரணத்தை மூன்று தடவை ஊதியிருந்தார்கள்.

"பாத்தீங்களா, மூணு!" என்றாள் அம்மா.

"ஊதுறவனுக்கு மூச்சு ஜாஸ்தி" என்றார் அப்பா.

எனக்குக் கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூர் போனேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ரீமிக்ஸ் வந்தது. அதில் சரணம் ஒன்றுதான், மீதியெல்லாம் டம்டம் என்று அடி. பஸ்ஸில் அதைக் கேட்டு எரிச்சலில் இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருந்தபோது டிவியில் அந்தப் படத்தையே போட்டார்கள். பாட்டு வந்தது. இரண்டாவது சரணம் முடிந்தது. படகு கரையை விட்டு இன்னும் தள்ளிப் போனது, அவள் மறுபடி வாயைத் திறந்தாள். அம்மா பாடும் அதே வரிகள், ஒரு எழுத்துப் பிசகவில்லை. "அம்மா!" என்று கத்தினேன். ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அப்பா திரும்பவே இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்தப் பாட்டுக்கு மூணாவது சரணம் ஒண்ணு இருக்குதுங்க. பிளேட்டுல எடம் பத்தாம வெட்டிட்டாங்க. இது நெறைய பேருக்குத் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இரண்டு பேருக்கும் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணத்தோடு நிறுத்திவிட்டு அரிசி களைய ஆரம்பித்தாள்.

"மூணாவதும்மா?" என்றேன்.

"அதை இனிமே உங்கப்பா பாடிக்குவாரு."