தப்பான தேதி காட்டிக்கொடுத்த பெயர்

செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறேன். முன்பதிவுக்கு ஓர் இணையதளமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண் அதில் பதிவு செய்து வந்து தங்கினாள். "நான் இங்க இருக்கறது என் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா அடிச்சு இழுத்துட்டுப் போயிடுவாரு" என்றாள். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் காலை அறை கேட்டு ஒருவர் போன் செய்தார்.

"உங்க சைட்ல தேதிய தப்பா போட்டுட்டேங்க. ஸ்கிரீன் பூரா என்னென்னவோ இங்கிலீஷ்ல வருது. நடுவுல ஒரு பொண்ணோட பேரு, போன் நம்பர், ரூம் நம்பர்லாம் இருக்குதுங்க."

அவர் வாசித்தது அவள் பெயர்.

பதறிப்போய் தளத்தை அமைத்துக் கொடுத்தவரை அழைத்தேன். "தப்பு வந்தா உள்ள இருக்கற விவரமெல்லாம் திரையில காட்டற மாதிரி, கோளாறு எங்கன்னு நாங்க பாக்கறதுக்காக வெச்சது மேடம். வேலை முடிஞ்சதும் நிறுத்த மறந்துட்டேன்" என்றார். அது சரியாகும்வரை தளத்தையே மூடச் சொன்னேன்.

அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன்.

"வேற யாராச்சும் பாத்திருப்பாங்களாக்கா?"

அப்போதே ஆட்டோ பிடித்து, வேங்கிக்காலில் இருக்கும் என் தங்கை வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். அந்த வாரம் முழுவதும் கேட் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடி யாரென்று பார்த்தேன். நல்லவேளை, யாரும் வரவில்லை. அவள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள்.

இப்போதெல்லாம் தளத்தில் எதை மாற்றினாலும், முதலில் நானே வேண்டுமென்றே தப்புத் தப்பாக நிரப்பிப் பார்க்கிறேன். 'மன்னிக்கவும், மீண்டும் முயலுங்கள்' என்பதற்கு மேல் ஓர் எழுத்து வந்தாலும் தளத்தைத் திறக்க விடுவதில்லை.